ஓட்டுப் போட்ட பிறகு வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

2016 அக்டோபரில் பழைய நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால்கூட உரிமையோடு போய்க் கேட்க ஓர் ஆள் கிடையாது. ஆகவே 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் என்று அறிவித்தபோது எங்கள் தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது. மார்ச் 2ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். 4ஆம் தேதி கவுன்சிலர்கள் மட்டும் ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தலில் தலைவர் தேர்வானார். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதன்முறை தேர்தலில் நின்ற ஓர் இளம் பெண் ஜெயித்திருந்தார்.

அந்த மகிழ்ச்சி ஒரு மாதம் தாங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்துவரி உயர்வு வந்து விழுந்தது. நகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். "இதற்காகவா ஓட்டுப் போட்டோம்?" என்று கேட்காத வீடு இல்லை. மாலையில் பத்திருபது பேர் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம். கவுன்சிலரின் கணவர்தான் வெளியே வந்து பதில் சொன்னார். அவரிடம் பேச வரவில்லை, கவுன்சிலரிடம் பேச வேண்டும் என்று நான் சொன்னேன். பெண்களுக்கு ஐம்பது சதவீத இடஒதுக்கீடு வந்தும், கேள்வியைக் கணவரிடம் கேட்டுப் பதிலையும் அவரிடமே வாங்கிக்கொண்டு திரும்பினால், அந்த ஒதுக்கீட்டைத் தோற்கடிப்பதில் நமக்கும் பங்கு உண்டு. அன்று முதல் கவுன்சிலரின் கைப்பேசிக்கே அழைப்போம், கவுன்சிலர் பெயருக்கே மனு எழுதுவோம் என்று தெருவில் முடிவு செய்தோம். இதை இன்றும் விடவில்லை.

கவுன்சிலர் வந்தார். அவர் முகமும் எங்களைப் போலத்தான் இருந்தது. "எனக்கும் செய்தியில் பார்த்துத்தான் தெரியும், அக்கா" என்றார். கூட்டத்தில் சிலர் அதை நம்பவில்லை. ஆனால் அது உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வரியை உயர்த்தும் முடிவு மாநில அரசுடையது. அதற்குப் பின்னால் 15ஆவது நிதிக் குழுவின் நிபந்தனை இருந்தது. 2021 முதல் 2026 வரை நகரங்களுக்குத் தரப்பட்ட மத்திய மானியத்தைப் பெற, மாநிலங்கள் சொத்துவரிக்கு அடிப்படை விகிதம் அறிவிக்க வேண்டியிருந்தது. மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஈடாக வரி வசூலும் கூட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு 2018இல் ஒரு உயர்வு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். ஆக, தள்ளிப்போட்ட சுமை, பதவிக்கு வந்து ஒரு மாதம் ஆன மன்றத்தின் காலத்தில் எங்கள் தலையில் இறங்கியது.

இதைத் தெரிந்துகொண்டதால் கோபம் குறைந்துவிடவில்லை. குறைய வேண்டியதும் இல்லை. ஆனால் அதற்கு முகவரி கிடைத்தது. சதவீதத்தைக் குறைக்கச் சொல்வது என்றால் மனு மாநில அரசுக்கும் எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும். என் வீட்டின் சதுர அடியைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்றால் அது நகராட்சி ஆணையருக்குப் போக வேண்டிய மனு. எங்கள் தெருவில் இந்த இரண்டாவது வகைப் பிழை கணிசமாக இருந்தது. மாடியில் போட்ட தகரக் கொட்டகையைக் கட்டடமாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஒரு வீட்டில் வாடகைக்கு விடாத பகுதியை வணிகப் பயன்பாடு என்று போட்டிருந்தார்கள். கோபத்தில் பொத்தாம்பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தவர்களை உட்காரவைத்து அவரவர் பழைய ரசீதையும் புதிய அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னபோதுதான் இவையெல்லாம் வெளியே வந்தன. மறு அளவீடு கேட்டு மனு கொடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குத் திருத்தம் கிடைத்தது. சதவீதம் மாறவில்லை.

புதிதாக வந்த எந்த அரசைப் பற்றியும், அது நகராட்சியாக இருந்தாலும் மாநிலமாக இருந்தாலும், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: செய்யாமல் இருக்கும் வேலைக்கு என்ன தேவை? ஒரு கையெழுத்து போதுமா, பணம் வேண்டுமா, ஆள்பட்டியல் தயாரிக்க வேண்டுமா? 2021 மே மாதம் மாநிலத்தில் ஆட்சி மாறியபோது இதன் இரண்டு முனைகளையும் பார்த்தோம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பது பதவியேற்ற நாளில் கையெழுத்தாகி மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற வாக்குறுதி 2023 செப்டம்பர் 15 வரை காத்திருந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் "எப்போது, எப்போது" என்று கேட்டதில் ஒரு தவறும் கிடையாது. வாக்குறுதியில் தேதி போடாமல் ஓட்டுக் கேட்டவர்கள்தான் அந்தக் கேள்விக்குப் பொறுப்பு. ஆனால் கேட்டவர்களில் சிலர், திட்டம் வந்தபோது தகுதி விதிகளைப் படிக்கவே இல்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரப் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்று விதி இருந்தது. வாடகை வீட்டுக்காரரும் சொந்த வீட்டுக்காரரும் ஒரே மீட்டரில் இருந்த ஒரு வீட்டில் யூனிட் கணக்கு மீறி, விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்தப் பெண் அரசைச் சபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். முப்பது நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய் விண்ணப்பிக்க வைத்தோம். அரசு மெத்தனமாக இருக்கும்போது நாமும் நமக்கான கெடுவைத் தவறவிட்டால் இழப்பு முழுவதும் நம் பக்கம்தான்.

சரி, எங்கள் வார்டுக்கு வருகிறேன்.

பதவிக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் ஒரு மன்றத்திடம் எதை எதிர்பார்க்கலாம்? பாதாளச் சாக்கடையை எதிர்பார்க்க முடியாது. அதற்குத் திட்ட அறிக்கை, நிதி, டெண்டர் என்று வருடங்கள் போகும். ஆனால் எரியாத தெருவிளக்கு, வாரக்கணக்கில் எடுக்காத குப்பை, கொசு மருந்து, இவற்றுக்கு இருக்கும் ஆளும் இருக்கும் பணமுமே போதும். இவற்றில் ஒரு புதிய மன்றம் சுணங்கினால் "இப்போதுதானே வந்திருக்கிறார்கள், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அவகாசம் கேட்க வேண்டிய வேலைக்குத்தான் அவகாசம். தெருவிளக்குக்கு எதற்கு? நாங்கள் கம்பத்தின் எண்ணைக் குறித்து, எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று எழுதி, நகராட்சியில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டோம். நகல் ஒன்று கவுன்சிலருக்கு. பதில் வராதவற்றை 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிவு செய்தோம். "எங்கள் தெருவில் விளக்கே எரிவதில்லை" என்ற புகாரைவிடக் கம்ப எண்ணோடு போன புகாருக்கு எப்போதும் சீக்கிரம் ஆள் வந்தது. ஏனென்றால் அதை முடித்துவிட்டதாகப் பொய்யாகக் குறிப்பது கடினம்.

பெரிய சண்டை சாலையில் வந்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வார்டின் முதல் தெருவில் தார்ச்சாலை போட்டார்கள். பழைய சாலைக்கு மேலேயே புதிய தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் பல வீடுகள் முப்பது நாற்பது வருடம் பழையவை. கட்டும்போது வாசலில் மூன்று படி இருந்ததாகச் சொல்வார்கள். அடுத்தடுத்து போட்ட சாலைகளில் இரண்டு படி புதைந்து, மிச்சம் இருந்த ஒன்றும் இப்போது சாலையோடு சமமாகிவிட்டது. ஐப்பசி மழையில் சாலையில் ஓட வேண்டிய தண்ணீர் முன்னறைக்குள் வந்தது. புதிய சாலை கேட்டு மனுக் கொடுத்தவர்களே, ஏன் கேட்டோம் என்று நொந்துபோனார்கள்.

இத்தனைக்கும் இது விதியில்லாத விஷயம் அல்ல. 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையின் மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று தெளிவாக அறிவுறுத்தியிருந்தார். மேலே இருக்கும் கடிதம் கீழே இருக்கும் தெருவுக்கு வந்து சேராததுதான் பிரச்சினை. புதிய ஆட்சி வந்துவிட்டது, எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை உற்றுக் கவனிக்க வேண்டும். அமைச்சர் மாறுகிறார், தலைவர் மாறுகிறார். வேலைக்கான செலவு மதிப்பீடு தயாரிக்கும் மேசையும், அதில் வருடக்கணக்காகப் பிரதி எடுக்கப்படும் பழைய வாசகங்களும் மாறுவதில்லை.

அடுத்தது எங்கள் தெரு என்று தெரிந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தோம். 2005ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 6(2) பிரிவு அதைத் தடுக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு எழுதும்போது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் "ஏன் முதல் தெருவில் சுரண்டவில்லை? யார் பொறுப்பு?" என்று எழுதச் சொன்னார். நியாயமான கேள்வி. ஆனால் அப்படி எழுதினால், கருத்துக் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேட்க வேண்டும், காரணத்தைக் கேட்கக் கூடாது. ஆகவே இரண்டு தெருக்களின் மதிப்பீடு, வேலை உத்தரவு, ஒப்பந்த நிபந்தனைகள், முடிந்த வேலையின் அளவைப் பொறியாளர் குறிக்கும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் ஆகியவற்றின் நகல் கேட்டோம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். கூடவே 2(j) பிரிவின்படி கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிட அனுமதி கேட்டோம். இந்த உரிமை சட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. காகிதத்தை மட்டுமல்ல, நடக்கும் வேலையையே பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அதில் இடம் இருக்கிறது.

கெடு முடிந்தும் பதில் வரவில்லை. பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டோம். அது போன பிறகு நகராட்சியிலிருந்து அழைத்தார்கள்.

கோப்பைப் பார்வையிட்ட அன்று நான்கு பேர் போனோம். கவுன்சிலரையும் வரச் சொல்லியிருந்தோம், அவரும் வந்தார். பச்சை நிற உறையில் கட்டிய கோப்பு. மதிப்பீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: நீளம், அகலம், கனம், வீதம், தொகை. முதல் தெருவின் மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் தெருவின் மதிப்பீட்டில் இருந்தது: பழைய தார்த்தளத்தை 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி அகற்றுதல், இத்தனை சதுர மீட்டர், இத்தனை ரூபாய். அதுவரை ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். முதல் தெருவில் பிழை மதிப்பீடு போட்ட மேசையில் நடந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் எழுதியிருந்ததை அப்படியே செய்திருக்கிறார். இந்த வேறுபாடு தெரியாமல் ஒப்பந்தக்காரர் மீது புகார் கொடுத்திருந்தால் அவர் மதிப்பீட்டைக் காட்டித் தப்பித்துவிடுவார், எங்கள் புகாரும் பொய் என்று ஆகியிருக்கும். கவுன்சிலர் அந்த வரியைத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். மன்றத்தில் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மதிப்பீடு இருக்கும் என்று தனக்கு யாரும் காட்டியதே இல்லை என்றார்.

எங்கள் தெருவில் வேலை தொடங்கும் முன் வீட்டுச் சுவர்களில் சாலை மட்டத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டு, அளவுநாடாவோடு படம் எடுத்து வைத்தோம். வேலை நடக்கும் நாளில் தார் விரிக்கும் இயந்திரமும் உருளையும் வந்தன. சுரண்டும் இயந்திரம் வரவில்லை. மதிப்பீட்டின் நகலை மேற்பார்வையாளரிடம் நீட்டினோம். சத்தம் போடவில்லை, யாரையும் மறிக்கவில்லை. "இந்த வரியில் இருக்கும் வேலை எப்போது நடக்கும், ஐயா?" என்று மட்டும் கேட்டோம். அவர் யாருக்கோ போன் செய்தார். வேலை நின்றது. சில நாள் கழித்துச் சுரண்டும் இயந்திரத்தோடுதான் திரும்பி வந்தார்கள். முடிந்த பிறகு அளந்தோம். பெயின்ட் கோட்டுக்கும் புதிய சாலைக்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை.

முதல் தெருவின் கதை அப்படி முடியவில்லை. அங்கே இன்றும் மழைக்குத் தண்ணீர் வருகிறது. போட்ட சாலையைப் பெயர்க்க நிதி இல்லை என்கிறார்கள். மழைநீர் வடிகாலை ஆழப்படுத்தித் தருவதாக ஒரு பேச்சு ஓடுகிறது. அதைப் பகுதி சபையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறோம்.

பகுதி சபை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகரங்களுக்கும் வார்டுக் குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. 2022 நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். ஏட்டில் மிக நல்ல ஏற்பாடு. எங்கள் வார்டில் நடந்த கூட்டமோ பாதிக் கண்துடைப்பு. நாற்காலிகளில் கட்சிக்காரர்கள்தான் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். தெருக்காரர்களுக்குத் தகவலே தாமதமாக வந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. வெறும் வாயால் பேசிவிட்டு வந்தால் நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறாது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்த கூட்டத்தில் முந்தைய பதிவேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். அந்த ஒரு கோரிக்கையில் கூட்டத்தின் தொனியே மாறிவிட்டது.

அலைக்கழிப்பு பற்றி ஒன்று. சாலையோரப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டால் நகராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் காட்டும். அவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தைக் காட்டுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கேட்ட தகவல் தன்னிடம் இல்லை என்றால், மனுவை வாங்கிய அலுவலகமே ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, நமக்கும் தெரிவிக்க வேண்டும். "இந்தச் சாலை எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது என்பதற்கான பதிவேட்டின் நகல்" என்று ஒரே ஒரு மனு போட்டால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை அவர்களே எழுத்தில் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் இன்னமும் "யார் வந்தாலும் இப்படித்தான், எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. ஓட்டு வாங்கியவர்களுக்கு அதைவிட வசதியான வாக்கியம் உலகத்தில் இல்லை. ஒன்றும் செய்யாத கவுன்சிலரையும் கோப்பறைக்கு வந்து மதிப்பீட்டைப் படித்த கவுன்சிலரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. எங்கள் கவுன்சிலர் இப்போது எந்தத் தீர்மானம் வந்தாலும் மதிப்பீட்டு நகல் கேட்கிறார் என்று கேள்விப்படுகிறேன். அவர் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டேனா என்பது இங்கே தேவையில்லாத கேள்வி. அவர் கேட்கும்போது தெருவில் இருந்து நான்கு பேர் துணை நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காத நாளில் அதே நான்கு பேர் போய் ஏன் கேட்கவில்லை என்று விசாரிக்கவும் வேண்டும்.

2022இல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய மாதங்களில் அவசர அவசரமாக வேலைகள் நடக்கும், தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புதிய டெண்டர் எதுவும் விட முடியாது. உங்கள் வார்டில் புதிதாகப் போட்ட சாலையோ வடிகாலோ இருந்தால், அதன் ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு கெடு இருக்கும். அதற்குள் பெயர்ந்தாலோ உடைந்தாலோ ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். கெடு முடிந்ததும், அதற்காக அவரிடம் பிடித்து வைத்த தொகையை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தேதியை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறைகளைப் படத்தோடு ஆணையருக்கு விரைவுத் தபாலில் அந்தத் தேதிக்கு முன்பே அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குள் புதிய மன்றம் வந்து, பழைய மன்றத்தின் வேலை என்று கைகழுவப் பார்த்தாலும், அந்தச் சான்றைக் காட்டிக் கேட்கலாம்.